இடுப்பா, தோளா?

களமசேரிக்கு அப்பால், கைவிட்டுப்போன ஒரு கல்குவாரியின் அடியில், இன்ஸ்பெக்டர் முகமது இஸ்மாயில் அந்தப் பழைய ஸ்டென் துப்பாக்கியைச் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி ஜீப்பிலிருந்து எடுத்தார்.

"சாமி, இது ஒரு வல்லாத்த சாதனம், பொல்லாத சாமான். யுத்தக் காலத்துல குழாயையும் தகரத்தையும் ஒட்டவச்சு அவசரத்துல செஞ்சது. எங்க ஸ்டோர்ல இருக்கறதும் கேப்டன் வீட்ல இருந்ததும் ஒரே ஜாதி."

"ஒரே ஜாதின்னா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கலாமே," என்றாள் கூட வந்திருந்த டைப்பிஸ்ட் முப்பிடாதி.

துப்பறிவாளர் ராமபத்ரன் சிரிக்கவில்லை. இரண்டு நாளாகவே அவருக்கு வாயில் ஒரு கசப்பு. மட்டாஞ்சேரியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கேப்டன் விஸ்வேஸ்வரனின் வீரம்தான் பேச்சு. சாயா இறங்கவில்லை.

விஷயம் இதுதான். விஸ்வேஸ்வரன் பழைய ராணுவக்காரர். பர்மா யுத்தத்துக்குப் போய்த் திரும்பி, பஜார் ரோட்டில் குடும்பத்தின் மிளகு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இனி சுட முடியாதபடி குழாயை அடைத்தாகிவிட்டது என்று சொல்லி, யுத்த ஞாபகமாக ஒரு ஸ்டென் துப்பாக்கியைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அடைக்கவே இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் அழகர் என்ற கொத்தனார் குண்டடிபட்டுச் செத்துக்கிடந்தான். ஒரு கையில் வெள்ளிக் குத்துவிளக்கு, பக்கத்தில் கடப்பாறை.

"திருட வந்தான். தனியா இருந்தேன். கடப்பாறையை ஓங்கிண்டு மேலே பாஞ்சான். துப்பாக்கியை இடுப்போட அணைச்சு ஒரே இழுப்பு, அவ்வளவுதான்," என்றார் கேப்டன். ஊர் நம்பியது. பத்திரிகைகள் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. கள்ளத் துப்பாக்கிக்கு வழக்குப் போடப் போன இஸ்மாயிலை மேலிடம் 'கொஞ்சம் ஆறப்போடும்' என்று உட்கார்த்தி வைத்தது. இன்றைக்குச் சாயந்திரம் வியாபாரிகள் கூடிக் கேப்டனுக்கு மாலை போடப் போகிறார்கள்.

அழகரின் மனைவி மூக்கம்மாள் ராமபத்ரனின் ஆபீஸ் படியேறி வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "செத்தவரு வரமாட்டாரு ஐயா. களவாணிப் பட்டத்தை மட்டும் எடுத்துக் குடுங்க. எம் மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கான்."

ராமபத்ரன் சுண்ணாம்பு அடித்த இரண்டு பலகைகளைக் குவாரிப் பாறையில் சாய்த்து வைக்கச் சொன்னார். கிடங்கின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில்.

"முதல்லே இடுப்பு," என்றார். "கேப்டன் சொன்ன மாதிரியே."

இஸ்மாயில் துப்பாக்கியை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். அதன் இடது பக்கம் தோட்டாப் பெட்டி ஒற்றைச் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு வாய். வெடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு அந்த வழியாகத்தான் வெளியே தெறிக்கும்.

"இடது கை எங்கே பிடிக்கணும்னு தெரியாதவன் எடுத்தா, இந்த வாய் கடிக்கும் சாமி," என்றார் இஸ்மாயில். "சுண்டுவிரல் வழுக்கி உள்ளே போகும். உள்ளே ஓடுற இரும்பு நறுக்குனு ஒண்ணு வைக்கும். எங்க கூட டிரெயினிங்குல இருந்தவங்கள்ல பாதிப்பேருக்கு அந்தத் தழும்பு உண்டு."

"இடுப்புல வைக்கதுன்னா எங்க சங்கரன்கோவில் பக்கம் குடமும் பிள்ளையும்தான்," என்றாள் முப்பிடாதி. "இந்தச் சனியனையுமா வைக்காவ?"

மூன்று ஆபீஸ்களில் டைப்பிஸ்ட்டாக இருந்து மூன்றிலும் வாயால் வேலையை இழந்தவள் அவள். நாலாவது ஆபீஸ் ராமபத்ரனுடையது. அந்த வாய்க்காகவே அவர் அவளை வைத்துக்கொண்டிருந்தார்.

இஸ்மாயில் விசையை இழுத்தார், குண்டுகள் சரமாகப் பாய்ந்தன. குவாரி அதிர்ந்தது. பாறைகள் ஒன்றுக்கொன்று சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறிந்தன. எங்கேயோ காக்கைகள் கிளம்பின.

ஓய்ந்த பிறகு பார்த்தால் முப்பிடாதியின் உதடுகள் அசைந்துகொண்டிருக்கின்றன, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. காதுக்குள் ஒரே ரீங்காரம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உலகம் திரும்பி வந்தது.

"என்ன சொன்னே?" என்றார் ராமபத்ரன்.

"பலகைக்கு ஒண்ணும் ஆகலை, பின்னால நிக்க பனைமரத்துக்குச் சொல்லி அனுப்பணுமான்னு கேட்டேன்."

அவள் சொன்னது ஏறக்குறைய சரி. முதல் குண்டு பலகையின் காலடியில் மண்ணைக் கிளறியிருந்தது. அடுத்தது கீழ் ஓரத்தில். அதற்கப்புறம் துப்பாக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாகப் படி ஏறி, பலகையைத் தாண்டி வானத்துக்கே போய்விட்டது.

"இடுப்புல வச்சா குறி எங்கே சாமி பாக்கறது? செடிக்குத் தண்ணி விடற மாதிரிதான்," என்றார் இஸ்மாயில்.

"இனி தோள்."

இஸ்மாயில் துப்பாக்கியின் பின்பக்க இரும்புக் கட்டையைத் தோளில் அழுத்தி, கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினார். இந்த முறை சத்தம் அதேதான், பலகை வேறு. எல்லாக் குண்டும் நடுவில், ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு விழுந்திருந்தன. ஒரு பப்படத்தை வைத்தால் மறைந்துவிடும்.

ராமபத்ரன் ஜீப்பின் மூக்கின் மேல் போட்டோவைப் பரப்பினார். கேப்டன் வீட்டுக் கிடங்கின் பின்சுவர். இடது பாதியில் தரையோடு தொடங்கி ஓடு வரை இறைந்து ஏறிய ஓட்டைகள். வலது பாதியில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரே கொத்தாகச் சில. அழகர் கிடந்தது அந்தக் கொத்துக்குக் கீழே.

முப்பிடாதி போட்டோவையும் பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே கடுதாசில ரெண்டு கையெழுத்து," என்றாள்.

"அதுதான். பயந்தவன் ஒருவாட்டி சுடுவான், ஓடுவான். இது அப்படியில்லை. ஒருவாட்டி இடுப்பிலே வச்சுச் சுட்டு, நின்னு பார்த்து, பிடியை மாத்தி, தோளிலே வச்சு நிதானமா இன்னொருவாட்டி சுட்டிருக்கு."

"அதுவும் தாழ," என்றார் இஸ்மாயில். "ஆள் நின்னுட்டு இருக்கலை. மண்டி போட்டிருக்கான்."

"கிடங்குத் தரையிலே பாதி பூசின சிமெண்ட்டுத் திட்டு ஒண்ணு பார்த்தோமே, ஞாபகமிருக்கோ? வேலை போன வாரமே முடிஞ்சாச்சுன்னு கேப்டன் சொன்னார். அப்படீன்னா அந்த ஈரச் சிமெண்ட்டிலே முழங்கால் பதிஞ்சு, அப்படியே இறுகிக் கிடப்பானேன்? திருட வந்தவன் தரையைப் பூசிக் குடுத்துட்டா திருடுவான்? குறுக்கே கட்டின கயிறும் பார்த்தேன். சணல் இழை ஒட்டிண்டிருக்கு. எதையோ அவிழ்த்து எடுத்திருக்கா."

வேலை செய்துகொண்டிருந்த மனிதனைக் குறி பார்த்துச் சுட்டுவிட்டு, விளக்கைக் கையில் திணித்து, சாயந்திரம் மாலை வாங்கப் போகிறான் ஒருவன். ராமபத்ரன் குவாரியின் ஓரத்தில் போய்க் காறித் துப்பினார். கசப்பு போகவில்லை.

*

சாயந்திரம் வியாபாரிகளின் கூடத்தில் மல்லிகையும் நெய்யும் மிளகுத் தூசியும் ஒன்றாக மணத்தன. பின்கட்டில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. ராமபத்ரனும் முப்பிடாதியும் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். இஸ்மாயில் சாதா உடுப்பில் வாசலருகே. மூக்கம்மாளை முப்பிடாதி கையோடு கூட்டிவந்து வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்திருந்தாள்.

மேடையில் கேப்டன் விஸ்வேஸ்வரன். உயரம், முறுக்கிய வெள்ளை மீசை, தேய்த்த சட்டை. பக்கத்தில் மகன் வெங்கிட்டு. பம்பாயில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறான். அப்பா சிரிக்கச் சிரிக்க அவன் வெளுத்துக்கொண்டே போனான்.

"கள்ளனுக்கு முன்னால் தனியாளாய் நின்ற நம் சிங்கம்!" என்று வியாபாரிகளின் தலைவர் மைக்கில் முழங்கி, ஆள் உயர ரோஜா மாலையைப் போட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

போட்ட மாலையை உடனே கழற்றுவதுதானே அடக்கம். கேப்டனும் கழற்றப் போனார். இடது கை எழுந்தது. வலது கை மார்பு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். முகம் வலியில் சுருங்கியது. கை மேலே போகவில்லை.

ராமபத்ரன் அந்தக் கையையே பார்த்தார். காலையிலிருந்து கட்டிய கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. மாலையைக் கழற்ற எழாத கை துப்பாக்கியைத் தோளுக்கு எப்படித் தூக்கும்? இந்த மனிதனுக்கு முடிந்த பிடி இடுப்பு ஒன்றுதான். அதனால்தான் கதையிலும் இடுப்பு.

"சார்," என்று முப்பிடாதி கிசுகிசுத்தாள், "நம்ம கொலைகாரரு தலை சீவவே ஆள் வைக்கணும் போலிருக்கே."

அதற்குள் வெங்கிட்டு எழுந்து அப்பாவின் கழுத்திலிருந்து மாலையைத் தூக்கினான். இரண்டு கையும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே உயர்ந்தன. இடது கைச் சுண்டுவிரலில் வெள்ளைக் கட்டு.

ராமபத்ரன் வாசலைப் பார்த்தார். இஸ்மாயிலும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. 'பத்திரிகைக்குப் படம்' என்று சொல்லி முப்பிடாதி அப்பாவையும் மகனையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தாள். இஸ்மாயில் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டார்.

"காமிரா எங்கே?" என்றார் கேப்டன்.

"வரும்," என்றார் ராமபத்ரன். "தம்பிக்கு விரல்லே என்ன?"

"தேங்காய் உடைக்கறச்சே," என்றான் வெங்கிட்டு.

"கார்க் கதவிலே நசுங்கிடுத்து," என்றார் கேப்டன், அதே மூச்சில்.

"தேங்காயைக் காருக்குள்ள வச்சு உடைச்சியளா?" என்றாள் முப்பிடாதி.

கேப்டன் மீசையைத் தடவினார். "யார் ஓய் நீர்? என்ன விசாரணை இது?"

ராமபத்ரன் அவர் பக்கமே திரும்பவில்லை. வெங்கிட்டுவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கிரிக்கெட் பேசுகிற குரலில் கேட்டார்.

"எனக்கு ஒரு சம்சயம் தம்பி. சினிமாவிலே எல்லாரும் இடுப்பிலே வச்சே சுடறா. நீயும் சுட்டுப் பார்த்தவனாச்சே. எது சௌகர்யம், இடுப்பா, தோளா?"

"தோள்தா..."

பாதிச் சொல்லில் அவன் வாய் உறைந்தது. பாயசத்துக்கு முந்திரி வறுபடும் வாசனை கதவிடுக்கில் வந்தது.

"வெங்கிட்டு, வாயை மூடு!" என்றார் கேப்டன்.

"எத்தனை நாள்பா மூடறது?" வெங்கிட்டு உடைந்து அழுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த வெட்டிப் பேச்சு அது. இடுப்பில் வைத்துச் சுடுவது சினிமாவில் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று மகன் சொன்னான். அப்பா சிரித்தார். 'அது வேஷக்காராளுக்கு மூஞ்சி தெரியணும்னு செய்யறது. சிப்பாய் தோளிலே வைப்பான். வா, வித்தியாசம் காட்டறேன்.' கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த தோட்டாக்களை எடுத்துக்கொண்டு இருவரும் கிடங்குக்குப் போனார்கள். அங்கே சிமெண்ட்டுத் தூசி மிளகு மூட்டைகளில் படாமலிருக்கக் குறுக்கே சாக்குத் திரை கட்டியிருந்தது. அதில் தாழ்வாகக் கரியால் ஒரு வட்டம் போட்டார்கள். கொத்தனார் சாப்பிடப் போயிருப்பான் என்று இருவரும் நினைத்தார்கள். திரையை விலக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"முதல்லே இடுப்பிலே வச்சேன். விரலைக் கடிச்சுடுத்து, வட்டத்திலே ஒண்ணும் படலை," என்றான் வெங்கிட்டு. "காது அடைச்சுப் போச்சு. அப்புறம் ஏதோ... திரைக்குப் பின்னாலே ஏதோ குரல் மாதிரி. 'அப்பா, கேட்டுதா?'ன்னேன்."

"அவர்?"

"'எலியாக்கும். தோளிலே வச்சு, கொஞ்சம் தாழப் பிடி'ன்னார்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "அத்தனையும் வட்டத்துக்குள்ளே விழுந்தது. அப்பா சபாஷ்னார். அப்புறம்தான் சாக்கு நனைய ஆரம்பிச்சது."

முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் கத்திக் கத்திக் கூப்பிட்டுவிட்டு, தரையோடு ஒடுங்கி மண்டிபோட்டிருக்கிறான் ஒருவன். இந்தப் பக்கம் எது உசத்தி என்று பாடம் நடக்கிறது. ராமபத்ரனுக்கு அறையில் இருந்த காற்றே அழுகிப்போன மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"உயிர் இருந்துதோ?"

வெங்கிட்டு தலையாட்டினான். "தண்ணி கேட்டான். நான் டாக்ஸி கூப்பிட ஓடினேன். அப்பா கேட்டைப் பூட்டிட்டார். பிழைச்சா பேசுவான்னார்."

இஸ்மாயில் மலையாளத்தில் என்னவோ சொன்னார். போலீஸ்காரர் வாயில்கூட அடிக்கடி வராத சொல் அது.

"ஒரே பையன் ஓய்," என்றார் கேப்டன். குரலில் கெஞ்சல் இல்லை, நியாயம் கேட்கிற தோரணைதான் இருந்தது. "கை தவறி நடந்ததுக்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா? நான் என் தலையிலே எடுத்துண்டேன். உமக்குப் பிள்ளை இருந்தா தெரியும்."

"கை தவறிச் சுட்டதுக்குத் தண்டனை கொஞ்சம்தான். கேட்டைப் பூட்டினதுக்குத்தான் பெரிசு, அது உங்களுக்கு," என்றார் ராமபத்ரன். "சரி, பிள்ளைக்காகப் பொய் சொன்னேள். வெள்ளி விளக்கை எதுக்கு அவன் கையிலே வச்சேள்? சாக விட்டது போதாதுன்னு திருடனாக்கினேளே. அது பிள்ளைக்காகவா? இன்னிக்கு இந்த மாலைக்குக் கழுத்தை நீட்டினேளே, அது யாருக்காக?"

கேப்டனின் பார்வை அறை மூலையில் கிடந்த ரோஜா மாலையின் மேல் போயிற்று. பேசத் தொடங்கியபோது அந்த மீசைக்குக் கீழே ஒரு வெட்கம்கூடத் தெரிந்தது.

"பர்மாவிலே நான் ஸ்டோர்லே இருந்தேன் ஓய். அரிசி, பூட்ஸ், கம்பளி. ஒரு குண்டு சுட்டதில்லே. இந்தத் தோள்கூட லாரியிலேர்ந்து விழுந்து போனது. திரும்பி வந்தப்போ ஸ்டேஷனுக்கு ஒருத்தரும் வரலை. இப்போ இத்தனை பேர் வந்தா... வேண்டாம்னு சொல்ல வாய் வரலை."

ராமபத்ரன் எழுந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிசாசு ஒன்றைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு குமட்டியிருக்காது. எதிரே இருந்தது கைதட்டலுக்கு ஏங்கிப்போன ஒரு கிழவன். அந்த ஏக்கத்துக்கு ஒரு கொத்தனாரின் பெயரை விறகாக வைத்துக் குளிர் காய்ந்திருக்கிறான்.

"கூட்டிண்டு போங்கோ இஸ்மாயில். என்னால இங்கே நிக்க முடியலை."

*

மேடைக்கு ஏறும் படியில் தலைவர் குறுக்கே வந்தார். என்ன நடந்தது என்று இஸ்மாயில் அவர் காதில் சொல்லியிருந்தார். மனிதர் வியர்த்துப்போயிருந்தார்.

"சாமி, எல்லாம் பறயாம். நாளைக்கு அமைதியா பேசலாம். இப்போ இலை போட்டாச்சு, பாயசம் ஆறிடும்..."

"ஆறட்டும்," என்றார் ராமபத்ரன்.

மைக்கின் முன்னால் நின்று அவர் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். யார் சுட்டது, யார் கேட்டைப் பூட்டியது, விளக்கு எப்படிக் கைக்கு வந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. கூடத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். 'எனக்கு முதல்லேயே ஒரு சந்தேகம்' என்று ஒரு குரல் கேட்டது. சற்று முன்னால் அதிகமாகக் கைதட்டியவர்களில் ஒருவருடைய குரல் அது.

முப்பிடாதி மூக்கம்மாளைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்தாள். மூக்கம்மாள் மைக்கைப் பார்த்துப் பயந்தாள். யாரோ அதன் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"எம் புருசன் பேரு அழகர். கொத்தனாரு," என்றாள். "களவாணி இல்ல."

அவ்வளவுதான் சொல்ல வைத்திருந்தாள். பின்வரிசைகளில் நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் முகத்தைக் காட்டாமல் பந்திக் கட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இலையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். ராமபத்ரன் வேகமாக நடந்துபோய் பந்திக் கட்டின் கதவை இழுத்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றார்.

மூக்கம்மாள் திகைத்துப்போய் முப்பிடாதியைப் பார்த்தாள். "எல்லாருக்கும் கேட்டுச்சா தாயி?"

"பந்திக்குப் போறவியளுக்குக் கேக்கலை அக்கா," என்றாள் முப்பிடாதி. "சத்தமா இன்னொரு தடவை சொல்லுங்க."

மூக்கம்மாள் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் சொன்னாள்.